கணுக்காலின்னா சிரிப்பு, ஆர்த்ரோபோடான்னா படிப்பா?

அண்ணன் பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். ப்ளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். முதல் வாரமே விலங்கியல் வகுப்பில் "இறால் எந்தத் தொகுதி?" என்று வாத்தியார் கேட்க, இவள் எழுந்து "கணுக்காலிகள் சார்" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தாராம். அன்றிலிருந்து பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை. அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிவு.

அய்யா வாத்தியாரே, ஆர்த்ரோபோடான்னா என்ன அர்த்தம்? கிரேக்கத்தில் ஆர்த்ரோன் என்றால் மூட்டு, பொடோஸ் என்றால் கால். கணுக்காலி! அம்புட்டுத்தான். கரும்பில் கணு பார்த்தவன் இறால் காலைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வான். மொலஸ்கா லத்தீன் 'மெல்லிய'திலிருந்து வந்தது, நம்மிடம் மெல்லுடலி. எகைனோடெர்மேட்டா முள்தோல், நம்மிடம் முட்தோலி. செபலோபோடா தலைக்கால். கணவாயைக் கையில் எடுத்துப் பாருங்கள், தலையிலிருந்துதான் கை கால் எல்லாம் முளைத்திருக்கும்.

ஆக, கிரேக்கனும் இதே 'காமெடி'யைத்தான் சொல்கிறான். நமக்குப் புரியாததால் அது அறிவியல், புரிந்துவிட்டால் அது சிரிப்பு. என்ன நியாயம் சாமி இது?

ஜெர்மன்காரன் ஆர்த்ரோபோடாவை 'க்ளீடர்ஃப்யூசர்' என்கிறான், அதாவது மூட்டுக்காலி. செபலோபோடா அவனுக்கு 'கோப்ஃப்யூசர்', தலைக்காலி. பாலூட்டிக்கு 'ஸாய்கடீர்', பால்குடி விலங்கு. அங்கே எந்த வாத்தியாரும் விழுந்து விழுந்து சிரிப்பதாகத் தெரியவில்லை.

'இன்செக்ட்' கதை இன்னும் ஜோர். உடம்பு துண்டு துண்டாக வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் பூச்சிகளை 'என்டோமா' என்றார். லத்தீன்காரர்கள் அந்த அர்த்தத்தை அப்படியே மொழிபெயர்த்து 'இன்செக்டா' ஆக்கிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பு கேவலம் என்றால் முதல் குற்றவாளி லத்தீன்தான்!

உடனே "அப்போ ஹோமோ சேப்பியன்ஸையும் தமிழாக்குவியா?" என்று பின்னூட்டத்தில் கும்ம வருவீர்கள். மாட்டேன். லின்னேயஸ் ஆரம்பித்து வைத்த அந்த இரட்டைப் பெயர் உலகத்துக்கே பொதுவான விலாசம், அது அப்படியே இருக்கட்டும். ஆர்த்ரோபோடாவையும் அவள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், மேற்படிப்புக்குத் தேவை. ஆனால் அர்த்தத்தோடு கற்றுக்கொள்ளட்டும் என்கிறேன்.

நம்ம தமிழ் ஆர்வலர்களையும் விடுவதாயில்லை. ஆம்ஃபிபியாவுக்கு ஒரு புத்தகத்தில் இருவாழ்விகள், இன்னொன்றில் நீர்நில வாழ்வன. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மார்தட்டினால், பரீட்சை எழுதுகிற பிள்ளை எதை எழுதும்? அதைவிட மோசம், 'கணு' என்றால் என்ன என்று சொல்லித்தராமல் தமிழ் மீடியத்திலும் மனப்பாடமே செய்யவைப்பது. அப்புறம் கணுக்காலியும் ஒன்றுதான், ஆர்த்ரோபோடாவும் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இறால் வாங்கியிருந்தோம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு காலைப் பிய்த்துக் கணு கணுவாகக் காட்டி, கிரேக்கக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சித்தப்பா, ஆர்த்ரோபோடான்னா என்ன அர்த்தம்னு சார்கிட்டயே கேக்கவா?" என்றாள்.

கேளு தாயி. சிரிக்காம கேளு.