ரத்தச் சீட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

போன ஆடியில் என் நாத்தனார் மகள் பூம்புகாருக்கு வந்திருந்தாள். பெருக்குக்குச் சங்கமத்துறைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். துருவிக் கேட்டதும், "அத்தை, பாத்ரூம் இல்லாத இடத்துக்கு என்னால வர முடியாது" என்று அழுதுவிட்டாள். நான்கு மாதமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வெளிக்குப் போகிறதாம், சளியும் ரத்தமுமாக. மூலம் என்று நினைத்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கையில் ஒரு ரத்தச் சீட்டு வைத்திருந்தாள். ஹீமோகுளோபின் 8.2. இ.எஸ்.ஆர். 48. சி.ஆர்.பி. நார்மல். "சி.ஆர்.பி. நார்மல்னா உள்ளே ஒண்ணும் இல்லை" என்று பரிசோதனை நிலையத்தில் யாரோ சொல்ல, மாதவிடாயில் அதிகம் போகிறது என்று இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். ஹீமோகுளோபின் எட்டில் நிற்கிறதே, ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பெரிய டாக்டரிடம் கொலனோஸ்கோபி செய்து பார்த்ததில் பெருங்குடல் புண்ணாகியிருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள்.

இ.எஸ்.ஆர். என்றால் என்ன? ரத்தத்தை மெல்லிய குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. காவிரியில் புதுத் தண்ணீர் வந்தால் நம் பாட்டிமார் குடத்தில் தேத்தாங்கொட்டையை இழைப்பார்களே, மண் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் அடியில் தங்குமே, அதே கதைதான். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் கூடி, அணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை, கர்ப்பம், வயது இவற்றிற்கும் இது ஏறும். குறைவதற்கும் வாரக்கணக்காகும்.

சி.ஆர்.பி. ஈரல் செய்கிற ஒரு புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. அழற்சி வந்தால் சில மணி நேரத்தில் ஏறும், தணிந்தால் ஓரிரு நாளில் இறங்கத் தொடங்கும். க்ரோன்ஸ் என்கிற குடல் நோயில் இது நன்றாகவே ஏறும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பலருக்கு அவ்வளவாக ஏறாது, புண் இருந்தாலும். எங்கள் வீட்டுப் பெண் ஏமாந்தது இங்கேதான்.

ஆல்புமின் என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. 3.5-க்குக் கீழே போனால் டாக்டரிடம் கேளுங்கள். புண்ணான குடல் வழியாகப் புரதம் கசிகிறதாக இருக்கலாம். பிளேட்லெட் எண்ணிக்கை கூடுவதும் அழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.

1955-இல் ஆக்ஸ்போர்டில் ட்ருலவ், விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ மேலோ ரத்தத்தோடு போகிறது. அதோடு ஜுரம் 100 டிகிரிக்கு மேல், நாடி 90-க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், இ.எஸ்.ஆர். 30-க்கு மேல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நோய் கடுமை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பாருங்கள், முதலில் கேட்பது எத்தனை தடவை என்றுதான். அதை ரத்தம் சொல்லாது, நாம்தான் வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு. அதிலும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஏறும். க்ரோன்ஸா, டி.பி.யா என்று இந்தச் சோதனைகளால் பிரிக்க முடியாது. குடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள், அதிலும் சில சமயம் குழப்பம். டி.பி. இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துவிட்டால் ஆபத்து. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்துக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு சோதனை உண்டு, குடல் அழற்சியை ரத்தத்தைவிட நேராகக் காட்டும். விலை கொஞ்சம் கூடுதல். டாக்டர் எழுதினால் அருவருப்புப் படாமல் கொடுங்கள்.

சீட்டுகளை நாத்தனார் ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக அடுக்கி வைக்கிறாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அந்த வாரம் எத்தனை தடவை, ரத்தம் உண்டா இல்லையா என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். தையில் வந்தபோது பெண்ணே காட்டினாள்: ஹீமோகுளோபின் 11.4. திருப்பினால், "இரண்டு தடவை, ரத்தம் இல்லை." அன்று சாயங்காலம் கடற்கரைக்கு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.