எல்லாத் தேமலும் தேமல் அல்ல

நம் தெருக்களில் தோல்நோய்க்கு ஒரே விளக்கம்தான்: சுத்தம் போதவில்லை. காத்திவாக்கத்திலிருந்து வந்தவர் என்றால் அந்த விளக்கம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். சாம்பல், கழிவுநீர், எண்ணெய், வேர்வை... இவர்களுக்குத் தேமல் வராமல் இருக்குமா என்று ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த அலட்சியத்துக்குள் ஒரு புற்றுநோய் பல வருடம் ஒளிந்திருக்க முடியும்.

அதன் பெயர் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். 1806-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆலிபெர் முதலில் விவரித்தார். முற்றிய நிலையில் காளான் போலக் கட்டிகள் வருவதால் இந்தப் பெயர். மற்றபடி காளானுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டி செல் என்ற வெள்ளணுக்கள் தோலில் புற்றாக மாறும் லிம்போமா இது. அரிய நோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

பாடப்புத்தகம் இதைச் 'சிவந்த திட்டு' என்கிறது. யாருடைய தோலில் சிவப்பு? கறுத்த தோலில் அது கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். நம் போன்ற நிறமுள்ளவர்களிடம், அதிலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், நிறம் வெளுத்த திட்டாகவே வருவதும் உண்டு. அதைத் தேமல் என்றோ, வெண்புள்ளி என்றோ, தொழுநோய் என்றோ நினைத்து வருடக்கணக்கில் வேறு மருந்து தருகிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இந்நோய் வெள்ளையர்களைவிட அதிகமாகவும் இளம் வயதிலும் வருகிறது. இறப்பும் அவர்களிடம் அதிகம். 2020-இல் லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேட்டை உருவாக்கினார். வகுப்பில் காட்டிய படங்களில் தன் நிறத் தோல் எங்கே என்று ஒரு மாணவர் கேட்ட கேள்வியின் விளைவு அது. நம் மருத்துவ மாணவர்களும் கேட்கலாம்.

எண்ணூர் நச்சுக்காற்றால்தான் இந்தப் புற்று வருகிறது என்று எழுதிவிட நமக்கும் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. இதன் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆதாரமில்லாத ஒரு வரி போதும், ஆதாரமுள்ள நம் நூறு வரிகளையும் ஒதுக்கித் தள்ளுவதற்கு. நிரூபணமான உண்மையே கனமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்கள் அதை வாளியிலும் கையிலும் அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இங்கே அரிப்பும் எரிச்சலும் அன்றாடமாகிவிட்டன. அந்தக் கூட்டத்தில் ஓர் அரிய நோய் நின்றால் யார் கண்ணில் படும்?

மருந்துக்கடைக் களிம்பு இன்னொரு திரை. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. தடவினால் திட்டு கொஞ்சம் மங்கும், விட்டால் திரும்பும். தடவிக்கொண்டே பயாப்சிக்குப் போனால் அதிலும் நோய் பிடிபடாமல் போகலாம்.

தோழர்களே, எதைக் கவனிப்பது? ஆறு மாதத்துக்கு மேல் போகாத திட்டு. இடுப்பு, பிட்டம், தொடை, மார்பின் கீழ் என்று வெயில் படாத இடங்களில் வருவது. லேசான செதில், சுருக்கம், அரிப்பு. களிம்புக்கு அடங்கித் திரும்பத் திரும்ப வருவது. திட்டில் தொடு உணர்வு இல்லையென்றால் தொழுநோய்க்கான சோதனை உடனே தேவை. அதற்கு அரசு மருந்து இலவசம். உணர்வு இருந்து, திட்டும் போகவில்லையென்றால் "பயாப்சி எடுக்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் சோதனையில் தெரியாமல் இரண்டாவது, மூன்றாவதில் தெரிவதும் உண்டு. மூடிய இடத்துத் திட்டை நம் பெண்கள் வெளியில் சொல்லத் தயங்குவார்கள். கூடப் போக ஒரு தோழி இருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. பெரும்பாலான திட்டுகள் சாதாரணத் தேமல்தான். இந்த நோயாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் புற ஊதா ஒளி சிகிச்சையும் களிம்புகளுமே பலருக்குப் போதும்; முழு ஆயுளும் வாழ்கிறார்கள். வெளுத்த வகை மற்றவற்றைவிட மெதுவாகவே நகரும். திரும்ப வரக்கூடியது என்பதால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே ஒருமுறை போவது ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி. காத்திவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, வரி கட்டுகிறோம். எனவே நம் பகுதி சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒருநாளாவது தோல் மருத்துவர் வரவேண்டும், பயாப்சியை இங்கேயே எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்கிறோம். அடுத்த மருத்துவ முகாமில் ரத்த அழுத்தத்தோடு தோலையும் பார்க்கச் சொல்லி மனுவோடு போவோம். நம் தோலைத் தீண்டாமல் விலகி நின்ற சமூகம் இது. மருத்துவமாவது அதைத் தொட்டு, உற்றுப் பார்க்கட்டும்.

ஜெய் பீம்.