சுபாவத்தின் மேல் போடும் பழி

"எதற்கெடுத்தாலும் அவருக்கு டென்ஷன், சுபாவமே அப்படி." நடுத்தர வயதில் மாரடைப்பால் மாண்டவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்வோர், திரும்பும் வழியில் இவ்வாறு பேசிக்கொள்வது வழக்கம். மாண்டவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார், யாருடைய ஏச்சை வாய் திறவாமல் தாங்கினார், எவ்வளவு கடனுக்கு வட்டி கட்டினார் என்று எவரும் வினவுவதில்லை. சுபாவம் என்ற ஒற்றைச் சொல் எல்லாக் கேள்விகளின் வாயையும் அடைத்துவிடுகிறது. உளவியலின் பெயரால் வலிமை பெற்றுவிட்ட அந்தச் சொல்லோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது.

மன அழுத்தம் என்று இன்று நாம் வழங்கும் கருத்தை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. 1907இல் வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு நடத்தியவர். 1936இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பே இதற்கு வித்து. கடுங்குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நஞ்சு என எத்துன்பம் நேரினும் எலிகளின் உடல் ஒரே விதமாக எதிர்வினை காட்டுவதை அவர் கண்டார். முதலில் அதிர்ச்சி, பின்பு எதிர்த்து நிற்றல், துன்பம் நீடித்தால் இறுதியில் சோர்ந்து வீழ்தல் என்று மூன்று படிகளை வகுத்தார். துன்பம் வெளியிலிருந்து வந்தது. எலியின் சுபாவத்தை அன்று எவரும் குறை கூறவில்லை.

மனிதரிடம் வந்தபோது கதை மாறியது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மன், ரோசன்மன் இருவரும் 1959இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். தம் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்ததாகவும், அதைச் செப்பனிட வந்த தொழிலாளி சுட்டிக்காட்டியதாகவும் ஃப்ரீட்மன் பிற்காலத்தில் கூறினார். ஓயாத அவசரம், போட்டி மனம், எளிதில் மூளும் சினம் ஆகியவற்றை உடையோரை 'ஏ' வகையினர் என்று அவர்கள் அழைத்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரை எட்டரை ஆண்டுகள் கவனித்து, அவ்வகையினருக்கு இதய நோய் ஏறத்தாழ இருமடங்கு என்றனர். முத்திரை உலகெங்கும் பரவியது. ஆனால் அதே ஆடவரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கிட்ட முடிவு 1988இல் வெளிவந்தபோது, 'ஏ' வகைக்கும் இதய நோய் மரணத்துக்கும் தொடர்பு புலப்படவில்லை. மறுப்போ முத்திரையைப் போலப் பரவவில்லை.

இதனால் ஆதாயம் அடைந்தவர் யார்? அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் விளைவாகப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் 1990களில் வெளிச்சத்துக்கு வந்தன. செல்யேயின் ஆய்வுக்கும், பின்னாளில் 'ஏ' வகை ஆய்வுக்கும் அந்நிறுவனங்கள் பணம் அளித்திருந்தமை அவற்றால் தெரியவந்தது. 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் செல்யே புகையிலைத் தரப்புக்குச் சாதகமாகச் சாட்சியமும் அளித்தார். அறிஞர்கள் பொய்யுரைத்தனர் என்று நாம் சொல்லவில்லை. கொல்வது புகையல்ல, புகைப்பவரின் சுபாவமே என்று சொல்ல ஒரு வழி கிடைக்குமாயின், விற்பவனுக்கு அதைவிட இனிய செய்தி வேறுண்டோ?

போட்டி மனமும் பேராவலும்தான் இதயத்தைப் பிளக்கின்றன என்றால், உயர் பதவியாளரே முதலில் மடிந்திருக்க வேண்டும். லண்டனில் அரசு ஊழியரான ஏறத்தாழ 18,000 ஆடவரிடையே 1967இல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு இதற்கு நேர்மாறாகக் காட்டியது. இதய நோயால் இறந்தோர் விகிதம் கடைநிலை ஊழியரிடையே உயர் அலுவலரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் இவ்வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு மட்டுமே காரணமாயின. 1985இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் பெண்களிடம் தொடங்கிய இரண்டாம் ஆய்வு மேலும் ஒன்றை உணர்த்தியது: தம் வேலையைத் தாம் தீர்மானிக்கும் உரிமை குறைந்தோரையே இதய நோய் மிகுதியாகத் தாக்குகிறது.

அப்படியாயின் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஒரே நிகழ்ச்சி ஒருவரை நொறுக்குகிறது. மற்றொருவர் அதைத் தாங்கிக்கொள்கிறார். அழுத்தம் நிகழ்ச்சியில் மட்டும் இல்லை, அதை நாம் மதிப்பிடும் விதத்திலும் இருக்கிறது என்று உளவியலாளர்கள் லாசரசும் ஃபோக்மனும் 1984இல் விளக்கினர். செபமும் உறக்கமும் நட்பும் மனத்தைத் தேற்றுவதை நாமும் அறிவோம். நாம் கேட்பது வரிசை முறையைப் பற்றி மட்டுமே: சுமையை இறக்கிவிட்டு முதுகைச் சோதியுங்கள், சுமையை ஏற்றியபடியே முதுகின் சுபாவத்தை ஆராயாதீர்கள்.

நம் ஊர்த் துணிக்கடைகளில் பெண்கள் நாள் முழுதும் நின்றே விற்றார்கள். சுவரில் சாய்ந்தாலும் ஏச்சு விழும். மூச்சுப் பயிற்சி கற்பித்திருந்தால் அவர்கள் கால் வீக்கம் வடிந்திருக்குமா? கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர் அமர இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அப்பெண்களின் ஆளுமையைத் திருத்த எவரும் முயலவில்லை. நாற்காலி போடச் சொன்னார்கள்.

நம்மிடையே கடை முதலாளிகள் இருக்கிறோம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர் இருக்கிறோம். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோரும் இருக்கிறோம். பணியாளருக்காக மன அழுத்த மேலாண்மைக் கருத்தரங்கு நடத்த நாள் குறிக்குமுன், அவர்களுடைய சம்பளப் பட்டியலையும் விடுப்புப் பதிவேட்டையும் எடுத்து வைத்து ஆன்ம சோதனை செய்வோம். அமர இருக்கை உண்டா என்றும் பார்ப்போம். அதன் பிறகும் ஒருவர் பதற்றமாகவே இருந்தால், அப்போது அவருடைய சுபாவத்தைப் பற்றிப் பேசலாம்.