கார் எஞ்சினுக்குள் கள்ளக் கணக்கு!

"பிக்கப் பத்தலையாண்ணே? ரீமேப் போட்டுருவோம். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

மதுரையில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. ஷெட்டுக்குள் வண்டி போகிறது. ஸ்பேனர் கிடையாது, ஜாக்கி கிடையாது, கையில் கிரீஸ்கூட ஒட்டுவதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு வயர். மறுமுனையில் லேப்டாப். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். 75 குதிரைச் சக்தி 95 ஆகிவிட்டது என்பார்கள். நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏற்றி ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வாலிபருக்கு ஏகப்பட்ட குஷி!

சரி, இந்த 20 குதிரைகள் எந்த லாயத்தில் இருந்து வந்தன?

இந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர்தான் அது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்குள் எத்தனை மில்லிகிராம் டீசல் பாய வேண்டும், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணையைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். டீசல் கூடும். டர்போ காற்றும் கூடும். "இதற்கு மேல் டீசல் விட்டால் புகை வரும், நிறுத்து" என்று கம்பெனி போட்ட கோடும் தள்ளிப் போகும்.

வேலை ஒன்றும் புதுசு அல்ல. டீசல் பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகிவிட்ட மெக்கானிக்குகளை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் லாரி ஏறும், பின்னால் வருகிறவன் முகம் கறுக்கும்! ஆனால் சீல் உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தால் பிடித்துவிடுவார்.

எஞ்சினில் கை வைப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, இதே மதுரையின் டி.வி.எஸ். கம்பெனி கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தது. மரக்கரிப் புகையில் மோட்டார் வண்டிகள் ஓடின. அதுவும் மாற்றம்தான். ஆனால் பாய்லர் மாதிரி அது வண்டியில் நின்றது. சின்னப் பையன்கூட விரலை நீட்டிக் காட்டுவான். இப்போதைய மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது. வம்பே அங்கேதான்.

ஒளித்து வைத்த சக்தியா?

"கம்பெனிக்காரன் சக்தியை ஒளிச்சு வச்சிருக்கான்ணே, நாம திறந்து விடுறோம், அவ்வளவுதான்" என்பது ஷெட் வாதம். இதில் பாதி உண்மை.

பியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினைப் பாருங்கள். மாருதியும் டாட்டாவும் வாங்கிப் போட்ட எஞ்சின். ஸ்விப்டில் 75 குதிரைச் சக்தி. எர்டிகாவில் அதே எஞ்சினுக்கு 90! ஆனால் எர்டிகாவில் இருந்தது வேறு டர்போ. கணக்கை மட்டும் மாற்றி அந்த 90 வரவில்லை, சாமானும் மாறியது.

கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பது நிஜம். அது யாருக்காக? சித்திரை வெயிலில் ஏ.சி.யும் போட்டு, ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு கப்பலூரில் இருந்து விருதுநகர் வரை விரட்டுகிறவருக்காக. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிறது. எரிய வேண்டிய பிராண வாயு குறைகிறது. டீசலை மட்டும் கூட்டினால் சூடும் புகையும்தான் மிச்சம். முதலில் கிளட்ச் வழுக்கும். பிறகு டர்போ பாடத் தொடங்கும்.

சூட்டை அளந்து, அளவோடு திருத்துகிற விஷயம் தெரிந்த ட்யூனர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இன்டர்நெட்டில் கிடைத்த பைலை அப்படியே ஏற்றுகிறவரும் 'ட்யூனர்' என்றுதான் போர்டு போடுகிறார்.

யார் நெஞ்சில்?

எஞ்சின் போனால் ஓனர் பாடு. புகை அப்படியா?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் பில்டர் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஊர்ந்து ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் செலவு. உடனே பில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு, "பில்டர் இருக்கிறது, விளக்கை எரியவிடாதே" என்று கம்ப்யூட்டரிடம் பொய் எழுதிவிடுகிறார்கள். இதற்கும் பெயர் ரீமேப்தான்!

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-ல் திட்டவட்டமாக அறிவித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் அதைக் குடிப்பது பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்க்காரரும், ஷேர் ஆட்டோவில் இருக்கும் பள்ளிக் குழந்தைகளும்தான். சிம்மக்கல் கடைக்காரருக்கு நாள் முழுக்க அதே காற்று.

"புகை சர்டிபிகேட் இருக்கே" என்பார்கள். எப்படி எடுக்கிறார்கள்? வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கிறார்கள். ரீமேப் புகை வருவது கியரில், சுமையோடு, மேட்டில் ஏறும்போது. நிற்கிற வண்டி சாதுவாகப் பாஸ் ஆகிவிடும்.

இந்த வித்தையைப் பெரிய கம்பெனியே செய்து மாட்டிக்கொண்டதும் உண்டு. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் சாப்ட்வேரை வோக்ஸ்வேகன் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தக விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வந்தது. சைலன்சரை மாற்றிய பையனை இதில் பிடித்துவிடலாம். கம்ப்யூட்டருக்குள் மாற்றியவரை எப்படிப் பிடிப்பது?

வழி இருக்கிறது. பெரும்பாலான புதுக் கார்களின் இ.சி.யு.வில், எந்த அட்டவணை ஏற்றப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண்ணும், பேரேட்டுக் கூட்டுத்தொகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. சாதாரண ஸ்கேனரை அதே சாக்கெட்டில் சொருகினால் தெரியும். அட்டவணையைத் திருத்தினால் கூட்டுத்தொகை மாறும். எமகாதகர்கள் அதையும் மறைப்பார்கள், எல்லோராலும் முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் சரியான எண் எது என்று கம்பெனிகள் வெளியிட வேண்டும். எப்.சி.யிலும் புகைச் சோதனையிலும் அதை ஒப்பிட்டுப் பார்க்க போக்குவரத்துத் துறை உத்தரவு போட வேண்டும்.

கூடவே, நேர்மையாகச் செய்ய நினைப்பவருக்கும் ஒரு வாசல் வேண்டும். ஜெர்மனியில் ரீமேப் செய்த காரைச் சோதனை நிலையத்தில் காட்டி, பாஸ் ஆனால் வண்டிப் புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். இங்கே அப்படி ஒரு கவுன்டர் திறந்தால், ஷெட்டுக்குப் பின்பக்கமாக நடக்கிற வேலை முன்பக்கம் வரும்.

அதுவரை கஷ்டப்படப் போவது பழைய கார் வாங்குகிறவர்தான். 2020-ல் மாருதி டீசலை நிறுத்திய பிறகு பழைய டீசல் ஸ்விப்டுக்கும் டிசையருக்கும் தனி மவுசு. பி.எப். பணத்தை எடுத்து அதை வாங்குகிற கிளார்க்குக்கு, முன் ஓனர் என்னென்ன ஏற்றினார் என்று எப்படித் தெரியும்? நாளைக்கு விபத்து என்றால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு அந்த எண்ணைப் பார்த்துவிடுவது உத்தமம். "அதெல்லாம் எதுக்குண்ணே?" என்று விற்பவர் இழுத்தால், வேறு வண்டி பார்க்கலாம்.