நஷ்டம் வந்தால் ஆணுக்கு அனுபவம்!

1983-இல் என் தங்கை, வடகமும் முறுக்கும் போட்டு விற்க இரண்டாயிரம் ரூபாய் கேட்டாள். கணவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "உனக்கெதற்கம்மா இந்த ரிஸ்க்? அண்ணன் நான் இருக்கிறேன்" என்றேன். அதே வருடம் என் மைத்துனர் லாரி வாங்க ஐயாயிரம் கேட்டார். கொடுத்தேன். லாரி ஒன்றரை வருடத்தில் கைமாறியது, பணம் வரவில்லை. "போகட்டும், அனுபவம் கிடைத்ததே" என்றோம்.

இரண்டு கணக்கையும் போட்டது ஒரே குமாஸ்தாதான்.

கடைத்தெருவில் வருடா வருடம் எத்தனையோ ஆண்களின் கடைகள் மூடப்படுகின்றன. யார் நினைவு வைத்திருக்கிறோம்? என்றோ ஒரு பெண் நடத்திய மெஸ் மூடியதை மட்டும் இன்றும் உதாரணம் காட்டுகிறோம். சட்டென்று நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனசு நம்பிவிடுகிறது. 'பெண் புத்தி பின் புத்தி' என்ற பழமொழி வேறு கைவசம்!

"பெண்களே பயப்படுகிறார்களே?" என்பீர்கள். ஏன் பயப்படமாட்டார்கள்? தோற்றால் ஆணுக்குப் பணம் மட்டும் போகும். பெண்ணுக்குப் பணத்தோடு பேரும் போகும். "அப்பவே சொன்னேன்" என்று ஊரே வரும். அவள் பயம் கோழைத்தனமல்ல, சரியான கணக்கு. அந்த விலையை ஏற்றி வைத்தவர்கள் நாம்தான்.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஷாம்பெயின் பாட்டிலில் உள்ள 'வெவ் கிளிக்கோ' என்ற பெயரில் 'வெவ்' என்றால் விதவை என்று எனக்குத் தெரியும். 1805-இல் கணவர் இறந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 27. மாமனார் பணம் போட்டார். முதல் சில வருடங்கள் தள்ளாட்டம்தான். மறுபடியும் பணம் போட்டார். 1814-இல் அவள் சரக்கு ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அவளைப் பிடிக்க ஆளில்லை. அவளுக்குத் திறமை இருந்தது, உண்மை. இரண்டாவது முறையும் நம்ப ஒரு பெரியவர் இருந்தார் என்பதும் உண்மை. என் தங்கைக்கு முதல் முறைக்கே ஆளில்லை.

அவள் கடை தொடங்கவில்லை; ஆகவே நஷ்டமும் இல்லை என்று நினைத்திருந்தேன். முப்பது வருடம் மாதாமாதம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் அண்ணன் முகம் பார்த்து நின்றாளே, அது எந்தப் பேரேட்டில் ஏறியது?

இப்போது அவள் பேத்தி கேக் கடை வைக்கப் பணம் கேட்கிறாள். வீட்டில் ஆளாளுக்கு 'ரிஸ்க்' என்கிறார்கள். நான் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனால் போகட்டும். அவளுக்கும் அனுபவம் கிடைக்கட்டுமே!