பழைய சாமானும் போலிக் கௌரவமும்

வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பொருளை விற்று நாலு காசு பார்ப்பது கேவலம் என்றோர் அபிப்பிராயம் நம் மத்தியதர வர்க்கத்தாரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. பரணிலிருந்து ஓர் அண்டாவை இறக்கி ஒரு பெண் விலை பேசினால் போதும், "அவ்வளவு தரித்திரமா வந்துவிட்டது நமக்கு?" என்று கேட்க வீட்டில் நாலு பேர் புறப்பட்டு விடுவார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: வாங்குவது கௌரவமென்றால், விற்பது மட்டும் எப்படி ஐயா இழிவாகும்?

இப்படி வெட்கப்பட்ட குடும்பங்கள் உண்மையில் விற்காமல் இருந்தனவா? இல்லை, விலை தெரியாமல் விற்றன, அவ்வளவுதான். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவினவனிடம் பழத்துக்காகப் பாத்திரத்தைக் கொடுத்தோம். பிறகு எவர்சில்வர் மோகம் வந்தது. வெண்கலப் பானையையும் செப்புத் தவலையையும் போட்டுவிட்டுப் பளபளக்கும் தட்டுக்களை வாங்கி அடுக்கினோம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. எவர்சில்வரோ பெரும்பகுதி இரும்பு. செம்பு இரும்பைவிடப் பல மடங்கு விலை உள்ளது; வெள்ளீயமோ செம்பையும் மிஞ்சியது. எடை போடவும் கூச்சப்பட்டோம், கணக்குப் பார்க்கவும் கூச்சப்பட்டோம். அந்தக் கூச்சத்துக்குக் கௌரவம் என்று பெயர் வைத்துக் கொண்டோம்.

பட்டுப் புடவையின் கதையும் இதுதான். அசல் காஞ்சிபுரம் ஜரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. புடவை இற்றுப் போனாலும் வெள்ளி இற்றுப் போவதில்லை. இழையைச் சற்றே சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். இந்தச் சோதனை வாங்க வருகிறவனுக்குத் தெரியும். விற்கிற வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது குடும்ப ஸ்திரீக்கு அழகில்லை என்று யார் சொன்னது?

பழையதை விற்பதால் நமக்கு மட்டுமா லாபம்? சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரையில், அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளில் அரை விலைக்கும் கால் விலைக்கும் வாங்கிப் படித்துத் தேறினவர்கள் எத்தனை பேர்! யாரோ ஒருவர் வெட்கத்தை விட்டு விற்றதனால் அல்லவா வேறொருவர் கைக்கு அந்தப் புத்தகம் போயிற்று? பரணில் செல்லரிக்க விட்டிருந்தால் யாருக்கு என்ன கௌரவம் வந்திருக்கும்?

"விற்பானேன்? வேலைக்காரிக்குக் கொடுத்தால் புண்ணியமாச்சே!" என்பார்கள் சிலர். கொடுங்கள்; தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஓடுகிற மிக்ஸியைக் கொடுங்கள். ஓடாத மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, அதைச் சாக்காக வைத்து மூன்று வருஷம் சம்பளம் உயர்த்தாமல் இருப்பதற்குத் தர்மம் என்று பெயரில்லை. குப்பையைத் தானமாகத் தள்ளிவிடுவதைவிட, "இதில் இன்ன பழுது இருக்கிறது" என்று சொல்லி நியாய விலைக்கு விற்பது எவ்வளவோ மேல்.

இன்றைக்குச் செல்போனில் ஒரு படம் எடுத்துப் போட்டால், வாங்குகிறவர் வாசலுக்கே வருகிறார். பிரம்பு அறுந்த நாற்காலியை மலிவாக வாங்கி, ஒழிந்த நேரத்தில் பின்னி விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பிச்சையல்ல, வியாபாரம். ஆனால் அதற்குரிய நேர்மை வேண்டும். பழைய பேப்பர்க்காரரின் தராசை நூறு தடவை சந்தேகிக்கிற நாம், ஈரப் பேப்பரை நடுவில் வைத்துக் கட்டுவதில்லையா? வெயிலில் வண்டி தள்ளி வருகிற மனிதருக்கும் அதில் நாலு காசு மிஞ்ச வேண்டாமா?

உண்மையில், அண்டா போகிறதே என்று யாரும் பதறுவதில்லை. அது விற்ற பணம், கணவன் கையிலிருந்து வாங்காத பணம், ஒரு பெண்ணின் முந்தானையில் முடியப்படுகிறதே என்றுதான் பதறுகிறார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டு வந்த பாத்திரத்தை விற்கக்கூட அவள் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கௌரவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: மனைவி பரணில் ஏறினால் ஏணியைப் பிடித்துக் கொள்ளுங்கள். இறங்கி வந்து விற்ற பிறகு கணக்குக் கேட்காதீர்கள்.