ஒட்டிப் பிறந்த குழந்தைகளும் சர்க்காரின் கடமையும்

உடல் ஒட்டி இரட்டைக் குழந்தைகள் பிறந்தன என்று செய்தி வந்த மாத்திரத்தில், நம் நாட்டில் ஒரு சாரார் தெய்வ அவதாரம் என்று தேங்காய் பழத்துடன் புறப்படுகிறார்கள்; மற்றொரு சாரார் பெற்றவள் செய்த பாவம் என்று பேசத் தொடங்குகிறார்கள். இரு சாராரும் படம் பிடிக்கத் தவறுவதில்லை. குழந்தைகள் மூச்சு விடுகின்றனவா, பால் குடிக்கின்றனவா என்று விசாரிப்பவர் கடைசியாகவே வருகிறார்.

வேடிக்கை பார்க்கும் இவ்வழக்கம் நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஒரிஸ்ஸாவில் 1888-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த ராடிகா, தூதிகா என்னும் சகோதரிகள் மார்பின் அடியில் ஒட்டியிருந்தனர். வெள்ளைக்காரக் காட்சி வியாபாரிகள் அவர்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார்கள். தூதிகாவுக்குக் க்ஷயரோகம் கண்டதும், மற்றவளையேனும் காப்பாற்றலாம் என்று 1902-இல் பாரிஸ் நகரில் டாக்டர் டுவாயன் இருவரையும் ரணசிகிச்சையால் பிரித்தார். தூதிகா சில நாட்களில் இறந்தாள்; ராடிகா அடுத்த ஆண்டில் அதே நோய்க்கு இரையானாள். டாக்டர் அந்தச் சிகிச்சையைச் சினிமாப் படமாகவும் எடுத்து வைத்திருந்தார். அப்படம் பிறர் கைக்குப் போய்ச் சந்தைக் கொட்டகைகளில் ஓடிற்று! பிறந்தது முதல் காட்சிப் பொருளாக இருந்த பெண்கள், கத்தியின் கீழ் கிடந்தபோதும் காட்சிப் பொருளாகவே இருந்தார்கள்.

இப்பிறவிக்குக் காரணம் என்ன? ஒரே கருவிலிருந்து தோன்றும் இரட்டைகள் வழக்கமாகச் சில நாட்களுக்குள் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. ஏறக்குறைய 13 நாட்களுக்குப் பின் தொடங்கும் பிரிவு முற்றுப்பெறாமல் நின்றுவிடுகிறது என்பது ஒரு கொள்கை. பிரிந்தவை மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்பது மற்றொன்று. எக்கொள்கை மெய்யாயினும், கிரகணத்துக்கோ தாயின் நடத்தைக்கோ இதில் யாதொரு பங்கும் இல்லை. 50,000 முதல் 2 லட்சம் பிரசவங்களுக்கு ஒன்று என்பது வைத்தியர்களின் கணக்கு. ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் இத்தேசத்தில், குறைந்த கணக்கிலும் அது நூறு ஆகிறது. ஆகவே அபூர்வம் என்று சொல்லி ஒதுக்கிவிட இயலாது. இவர்களில் பலர் பிறக்கும்போதே உயிரற்றிருப்பதும், பலர் முதல் நாளைத் தாண்டாததும் துயரமான உண்மை.

கர்ப்பத்தின் மூன்றாம் மாத முடிவிலேயே ஸ்கேன் பரிசோதனையால் இதைக் கண்டுகொள்ளலாம். இரு சிசுக்களும் எப்போதும் ஒரே நிலையில் ஒட்டியிருந்தால் கைதேர்ந்த டாக்டருக்கு ஐயம் எழும். பின்னர் இருதயத்தையும் ஈரலையும் குறித்து நுட்பமான சோதனைகள் செய்து, எவை பொது, எவை தனி என்று அறியலாம். இது தெரிந்துவிட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்து வயிற்றைக் கீறிப் பிரசவம் பார்க்கலாம். பிழைக்க வழியில்லாத நிலையாயின், பெற்றோர் அதை அறிந்து தாமே முடிவு செய்யவும் அவகாசம் உண்டு. 2021-இல் திருத்தப்பெற்ற கருக்கலைப்புச் சட்டம், கடுமையான குறை கண்டவிடத்து வைத்தியக் குழுவின் சம்மதத்துடன் 24 வாரங்களுக்குப் பின்னும் அதற்கு இடமளிக்கிறது. கிராமத்துத் தாய்க்கோ, பிரசவ வலி கண்ட பின்னரே விஷயம் வெளியாகிறது. குழந்தைகள் வெளிவராமல் தடைப்பட்டு அவளுயிருக்கும் அபாயம் நேருகிறது.

பிரித்துவிடுவதே சிகிச்சை என்று எண்ணுவதும் தவறு. ஈரல் மட்டும் ஒட்டியிருந்தால் பிரிக்கலாம். அது மீண்டும் வளரும் உறுப்பு. இருதயம் ஒன்றேயாயின் இருவரையும் காப்பாற்றுதல் பெரும்பாலும் இயலாது. ஒரு குழந்தை சாகும் தறுவாயிலோ, குடல் அடைபட்டாலோ அன்றிப் பிறந்தவுடனே கத்தி எடுப்பதில்லை. சில மாதங்கள் பொறுத்து, உடல் தேறிய பின் செய்வதே நலம். ஒரு குழந்தைக்கு ஏற்றும் மருந்து மற்றதன் ரத்தத்திலும் கலக்குமாதலால், மயக்க மருந்து கொடுக்கவே இரண்டு தனிக் குழுக்கள் வேண்டும். வெட்டிய இடத்தை மூடத் தோல் போதாதென்று, முன்கூட்டியே தோலை விரித்து வளர்க்கவும் வேண்டியிருக்கிறது. பிரிக்காமல் விடுவதே சரியாகும் சந்தர்ப்பமும் உண்டு. தலை ஒட்டி 2003-இல் பிறந்த தெலங்கானாச் சகோதரிகள் பிரிக்கப்படாமலே வளர்ந்து, 2022-இல் இன்டர்மீடியட் பரீட்சையில் தேறினார்கள்.

அதே ஒரிஸ்ஸாவில், கந்தமாள் ஜில்லாவின் ஏழைக் குடும்பம் ஒன்றில், உச்சந்தலை ஒட்டிய இரு ஆண் குழந்தைகள் பிறந்தன. சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தால் 1956-இல் தோன்றிய டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி 2017-இல் அவர்களை ஏற்றுக்கொண்டது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்கள் இருவருக்கும் பொதுவாயிருந்தன. ஆகஸ்டு மாதம் புதிய ரத்தப் பாதை அமைத்து, அக்டோபரில் தலைகளைப் பிரித்தார்கள். பாரிஸில் கட்டணம் வாங்கிக் காட்டப்பட்ட சகோதரிகளுக்கும், டில்லியில் பொதுஜனப் பணத்தால் சிகிச்சை பெற்ற சிறுவர்களுக்கும் உள்ள தூரத்தை எண்ணும்போது நாம் பெருமை கொள்வதில் குற்றமில்லை.

ஆனால் பெருமை அத்துடன் முடிந்துவிடவில்லை, துக்கமும் இருக்கிறது. சிறுவர்கள் ஈராண்டுகளுக்கு மேல் டில்லியிலேயே இருந்து, 2019 செப்டம்பரில்தான் ஒரிஸ்ஸா திரும்பினார்கள். வீட்டுக்கன்று, கட்டாக் ஆஸ்பத்திரிக்கு! 2020 நவம்பரில் இருவரில் ஒருவன் அங்கே காலமானான். பிரித்த நாளில் நாடெங்கும் எழுந்த ஆரவாரத்தில் பத்திலொரு பங்கு கூட அன்று கேட்கவில்லை. இச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று; ஆண்டுக்கணக்கில் நீள்வது. பயிற்சி, ஊட்டம், அடிக்கடி சோதனை, பெற்றோரின் கூலி நஷ்டம் ஆகிய இவற்றை யார் ஏற்பது?

ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் மூன்றாம் மாத ஸ்கேன் பரிசோதனை கர்ப்பிணிகள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பயணச் செலவையும் சர்க்காரே தர வேண்டும். இரட்டையர் கிடக்கும் வார்டில் காமிராவுக்கு இடமிருக்கலாகாது. ரணசிகிச்சைக்கு நிதி ஒதுக்கும் உத்தரவிலேயே, அதன் பின் குறைந்தது ஐந்தாண்டுச் செலவுக்கும் தொகை குறிக்கப்பட வேண்டுமென்று மத்திய சுகாதார இலாகாவையும் மாநில சர்க்கார்களையும் வற்புறுத்துகிறோம்.